சோம்பலன்று, சோகை

செட்டிகுளத்து வயலோரத்தில் மறந்து விடப்பட்ட மண்வெட்டியை மழைக்குப் பின் எடுத்துப் பாருங்கள். அதன் வாயெல்லாம் செந்நிறத் துரு படிந்திருக்கும். ஈரத்தின் துணையோடு காற்றிலுள்ள ஒட்சிசனைப் பற்றிக்கொண்ட இரும்பு, பின்னர் அதனை எளிதில் விடுவதில்லை.

அதே இரும்பு நமது குருதியிலும் உண்டு. அங்கும் அது ஒட்சிசனைப் பற்றுகின்றது. ஆனால், வேண்டிய இடத்தில் விட்டுவிடுகின்றது. பற்றுவதினும் விடுவதே பெரிய காரியம். நுரையீரலிற் பெற்றதைத் தானே வைத்துக்கொள்ளும் இரும்பினால் தசைக்கும் மூளைக்கும் யாது பயன்?

இரும்பை இவ்வாறு பழக்கி வைத்திருப்பது ஈமோகுளோபின் என்னும் புரதமாகும். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பணுக்கள் உள்ளன. ஒவ்வோர் அணுவும் ஓர் ஒட்சிசன் மூலக்கூற்றைச் சுமக்கும். புரதத்தின் மடிப்பினுள் ஒடுங்கியிருப்பதால் அவ்விரும்பு துருவின் நிலையை எளிதில் அடைவதில்லை. உழைக்கும் தசையில் ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு மிகும்போது, அதன் பிடி தளர்கின்றது. ஈமோகுளோபினின் அமைப்பைப் பல்லாண்டு ஆராய்ந்து கண்ட மாக்ஸ் பெரூற்ஸ் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர், 1962 இல் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

நூறு மில்லிலீற்றர் குருதியில் வெறுமனே கரைந்து செல்லும் ஒட்சிசன் ஏறக்குறைய 0.3 மில்லிலீற்றரே. ஈமோகுளோபினோ ஏறக்குறைய 20 மில்லிலீற்றரைச் சுமக்கின்றது. இதற்கெல்லாம் வளர்ந்தவர் உடலில் உள்ள இரும்பு 3 அல்லது 4 கிராம் மாத்திரமே. ஒரு சிறிய ஆணியின் நிறை! செங்குழியம் 120 நாள்களளவில் அழிந்ததும், அதன் இரும்பை உடல் வீசிவிடாது புதிய குழியத்துக்கு எடுத்துக்கொள்ளும்.

இத்துணைச் சிக்கனமான உடலுக்கும் வறுமை வருகின்றது. பெண்கள் மாதந்தோறும் குருதியை இழக்கின்றனர். கருவுற்ற தாய் தன் இரும்பைச் சேய்க்கு ஈகின்றாள். வெறுங்காலின் தோல் வழியே புகும் கொழுக்கிப்புழு குடலிலிருந்து குருதியை உறிஞ்சுகின்றது. 1916 இல் றொக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைத் தோட்டப் பகுதியிலே தொடங்கிய இயக்கம் இப்புழுவை எதிர்த்தே. மருந்தினால் புழு வெளியேறினும், மலகூடமில்லாத இடத்தில் அது மீண்டும் தொற்றியது. ஒழுகும் குடத்தின் ஓட்டையை அடைக்காமல் நீர் வார்த்து என்ன பயன்?

வன்னியிலோ முற்காலத்தில் மலேரியாக் காய்ச்சல் செங்குழியங்களை உடைத்து மக்களை வெளிறச் செய்தது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அக்காய்ச்சல் அகன்றது, சோகை அகலவில்லை.

அதற்கு நமது உணவுப் பழக்கமும் ஒரு காரணம். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பைக் குடல் எளிதில் ஏற்பதில்லை. சிறிது தேசிக்காய்ப்புளி சேர்ந்தால் அது கூடுதலாக ஏற்கப்படும்; உடன் பருகும் தேநீரோ அதனைத் தடுக்கும். உண்டு ஒரு மணி நேரமாவது கழித்துத் தேநீர் பருகுவது நன்று. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு இலகுவிற் சேரும்.

வகுப்பிற் கண்ணயரும் மாணவியைச் சோம்பேறியென நானும் கடிந்ததுண்டு. படியேறினால் மூச்சிரைப்பதாக அவள் சொன்ன பின்னரே என் தவறு புலப்பட்டது. பெற்றோரே, பிள்ளை அடிக்கடி களைத்தால், கீழிமையின் உட்புறம் வெளிறியிருந்தால், வைத்தியரிடம் அழைத்துச் சென்று குருதியைச் சோதிப்பியுங்கள். சோகைக்குக் காரணங்கள் பல. தலசீமியா போன்ற சில நோய்களில் இரும்பு மாத்திரை தீங்கும் செய்யலாம். ஆதலால் நாமாக மாத்திரை வாங்கிக் கொடுத்தல் தகாது.

ஏச்சினால் அவள் குருதியில் இரும்பு ஏறப்போவதில்லை.