பிள்ளை கையில் மாவைக் கொடுங்கள்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவிலும் தீபாவளிச் சந்தைக் கூடாரங்கள் எழுந்ததும் நம் வீடுகளில் ஒரு பட்டியல் தயாராகிவிடுகிறது. முறுக்கு நான்கு டின், நெய் உருண்டை இரண்டு டின், அச்சு முறுக்கு, ஓமப்பொடி, தேங்காய் மிட்டாய். வாசலுக்குப் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம், தரைக்கு ஒட்டுக் கோலம். பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே சிவப்பு மூடி போட்ட டப்பாக்கள் மேசைமேல் வரிசை கட்டி நிற்கின்றன. இவ்வளவிலும் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுத்தீர்கள்? காரிலிருந்து பையைத் தூக்கி வரச் சொன்னீர்கள். சில வீடுகளில் அதுகூட இல்லை.

பெற்றோர்களே, இதைக் கொஞ்சம் கடிந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பண்டிகை பிள்ளைகளுக்காகத்தான் என்று வாய்க்கு வாய் சொல்கிறோம். அந்தப் பண்டிகையை உண்டாக்கும் வேலையிலிருந்து மட்டும் அவர்களை விலக்கி வைத்துவிட்டோம். தின்னவும், உடுத்தவும், படமெடுக்கவும்தான் கூப்பிடுகிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு முறுக்கு எதில் செய்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால் தப்பு பிள்ளையுடையதல்ல.

“நேரம் ஏது?” என்று கேட்பீர்கள். இருவரும் வேலைக்குப் போகிறோம், ஃபெடரல் ஹைவே நெரிசலில் ஊர்ந்து வீடு வரும்போது ஏழு மணி ஆகிவிடுகிறது, அதற்குமேல் அடுப்படியில் நிற்க முடியுமா என்பீர்கள். களைப்பு உண்மைதான். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடி அலைகிற நேரத்தில் ஒரு படி மாவை அச்சில் போட்டுப் பிழிந்து முடித்துவிடலாம். நேரத்தைவிடப் பெரிய தடை வேறொன்று இருக்கிறது. பிள்ளை தொட்டால் மாவு சிந்தும், சட்டை அழுக்காகும், முறுக்கு கோணலாகும். திறந்த இல்ல உபசரிப்புக்கு வருகிறவர்கள் முன்னால் கோணல் முறுக்கை எப்படி வைப்பது? இந்தக் கூச்சத்துக்காகத்தான் “தள்ளிப் போ, நான் செய்கிறேன்” என்று பிள்ளையின் கையைத் தட்டிவிடுகிறோம். நான்கு தடவை தட்டினால் ஐந்தாவது தடவை அந்தக் கை நீளாது. பிறகு “எப்போது பார்த்தாலும் கைப்பேசிதான்” என்று புலம்புவதில் நியாயமே இல்லை.

ஐப்பசியும் கார்த்திகையும் இந்த வேலைகளுக்கென்றே வந்தது போன்ற மாதங்கள். அக்டோபர், நவம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மதியத்துக்குமேல் வானம் இருட்டி, இடியோடு கொட்டித் தீர்க்கிறது. பிள்ளைகள் திடலுக்குப் போக முடியாது. குளிர்நாடுகளில் இதே சமயம் இலையுதிர் காலம். அங்கே உள்ள பெற்றோர் பிள்ளைகளை உட்காரவைத்துப் பூசணிக்காயைச் செதுக்குகிறார்கள், உதிர்ந்த இலைகளை அட்டையில் ஒட்டுகிறார்கள், ஆப்பிளை வேகவைத்து இனிப்புச் செய்கிறார்கள். அதைக் காணொளிகளில் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் மேப்பிள் இலை வெட்டத் தாள் கேட்கிறார்கள். கேட்கட்டும், வெட்டட்டும். அதோடு, நம் வாசலில் வெட்டவும் கட்டவும் பிழியவும் எவ்வளவு கிடக்கிறது என்று காட்ட வேண்டியது நாம்தானே?

அச்சு முறுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மாவு, முட்டை, சர்க்கரை, தேங்காய்ப் பால். இவ்வளவுதான். முட்டையையும் சர்க்கரையையும் அடித்துக் கலக்குவது ஆறு வயதுப் பிள்ளைக்குச் சரியான வேலை. அடுப்புப் பக்கம் பெரியவர்கள்தான் நிற்க வேண்டும். அதில் சமரசம் கிடையாது. ஆனால் பிள்ளையை எட்ட உட்காரவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அச்சு முதலில் எண்ணெயில் கிடந்து நன்றாகச் சூடேற வேண்டும். பிறகு மாவில் தோய்க்கும்போது மேல் விளிம்பு மூழ்கக் கூடாது. மூழ்கினால் மாவு அச்சைச் சுற்றி மூடிக்கொண்டு கழன்றே வராது. முக்கால் பாகம் தோய்த்து எண்ணெயில் இறக்கி, கொஞ்சம் பொறுத்து, லேசாக ஆட்டினால் பூ தானாகக் கழன்று மிதக்கும். முதல் இரண்டு மூன்று ஒட்டிக்கொள்ளும், உடையும். அச்சு பழகியபின் வரிசையாக விழும். “ஏன் இப்போ மட்டும் வருது?” என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டதென்றால் அன்றைய பாடம் நடந்துவிட்டது.

முறுக்கு இன்னும் சுலபம். நான்கு பங்கு அரிசி மாவு, ஒரு பங்கு வறுத்து அரைத்த உளுத்தம் மாவு, வெண்ணெய், ஓமம், உப்பு. நம் ஊர் வழக்கப்படி தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப் பால். மாவைச் சலிப்பதும், பங்கு அளப்பதும், பிசைவதும் பிள்ளைகள். எட்டு வயதுக்குமேல் உள்ளவன் அச்சை அழுத்தட்டும். சூடான எண்ணெய்க்கு நேராக வேண்டாம். ஈரத் துணியிலோ கரண்டியின் முதுகிலோ பிழியட்டும், எடுத்துப் போடுவது உங்கள் வேலை. மாவு கெட்டியாகிவிட்டால் அச்சு இறங்காது, தளர்ந்துவிட்டால் முறுக்கு எண்ணெய் குடிக்கும். இதை எந்தப் பயிற்சி நூலிலும் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கைதான் சொல்லித்தர வேண்டும். நெய் உருண்டைக்கு வறுத்த பாசிப்பயற்று மாவில் சூடான நெய்யை ஊற்றியதும், கை பொறுக்கும் சூட்டில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆறிவிட்டால் உதிரும். ஐந்து வயதுக் கைக்கு ஒரு சின்ன உருண்டை பிடிக்க இடம் கொடுங்கள். பிள்ளை பிடித்த உருண்டையைப் பிள்ளையின் பெயர் சொல்லித் தட்டின் நடுவில் வையுங்கள்.

ஆண் பிள்ளையையும் கூப்பிடுங்கள். மகளை அடுப்படிக்கும் மகனை வரவேற்பறைக்கும் அனுப்புகிற பழக்கத்தை இனியும் தொடர்வது வெட்கக்கேடு. அப்பாமார்களும் எழுந்து வர வேண்டும். மாவு பிசைய வலுவான கை வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது.

அடுப்பே வேண்டாம் என்கிறீர்களா? பூசையறைக் குத்துவிளக்கை எடுத்து முன்னால் வையுங்கள். ஒரு கைப்பிடிப் புளியை நனைத்துக் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கறுத்த பித்தளை பிள்ளையின் விரலுக்குக் கீழேயே மஞ்சளாகும். புளியின் அமிலம் உலோகத்தின் மேல் படிந்த கறையைக் கரைப்பதை அறிவியல் பாடத்தில் பிறகு படிப்பான். கண்ணால் பார்த்தவனுக்கு அந்தப் பாடம் மறக்காது. பாதி விளக்கைத் தேய்த்துவிட்டுத் தேய்த்த பக்கத்தையும் தேய்க்காத பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்கிற பிள்ளையை எழுப்பிச் சாப்பிட வைப்பதுதான் சிரமம்.

கோலத்துக்கு வாசல் இல்லை, அடுக்குமாடியில் இருக்கிறோம் என்பது அடுத்த சமாதானம். தீபாவளி சமயத்தில் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் பெரிய கோலம் போட்டுக் கயிறு கட்டி வைக்கிறார்கள். நாமும் பிள்ளைகளைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிறுத்திப் படமெடுத்துக்கொண்டு வருகிறோம். அதே கோலத்தை ஒரு பழைய தட்டிலோ அட்டைப்பெட்டியின் அடிப்பாகத்திலோ வீட்டுக்குள்ளேயே போடலாம். மலிவான நொய்யரிசி ஒரு கோப்பை, கொஞ்சம் வினிகரில் கரைத்த உணவுச் சாயம், இரண்டையும் ஒரு பையில் போட்டுப் பிள்ளை குலுக்கட்டும். நாளிதழில் பரப்பிக் காற்றாடிக்குக் கீழே வைத்தால் மறுநாள் காய்ந்துவிடும். பென்சிலால் புள்ளி வைத்து, கோடு இழுத்து, நிரப்ப வேண்டியதுதான். ஒட்டுக் கோலத்தை ஒட்ட இரண்டு நிமிடம் போதும். அரிசிக் கோலத்துக்கு ஒரு மழை மாலை முழுவதும் வேண்டும். அந்த மாலையில் பிள்ளை நம்மோடு பேசும் பேச்சுக்காகவாவது இதைச் செய்யுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் மாலை வாங்கும்போது கொஞ்சம் உதிரிப் பூவும் கேட்டு வாங்குங்கள். கேமரன் மலையில் விளையும் செவ்வந்தி கட்டிப் பழக நல்ல பூ. காம்பு வலுவாக இருக்கும், சின்னக் கையின் முரட்டுத்தனத்தைத் தாங்கும். நூலைச் சுற்றி முடிச்சுப் போட உங்களுக்கே தெரியாவிட்டால் பூக்கடை அக்காவின் கையைப் பிள்ளையோடு நின்று பாருங்கள். தென்னங்குருத்து கிடைத்தால் தோரணம் மடியுங்கள். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் அதே குருத்தில்தான் கெத்துப்பாட் கூடு பின்னுகிறது. இரு வீட்டுப் பிள்ளைகளையும் ஐந்தடி நடைபாதையில் ஒன்றாக உட்காரவைத்தால் ஒருவர் கைவேலையை மற்றவர் கற்றுக்கொள்வார்கள். தீபாவளிப் பணம் வைக்கும் அங்பாவ் உறையைக்கூடக் கடையில் வாங்க வேண்டியதில்லை. வண்ணத் தாளும் பசையும் போதும்.

கார்த்திகைக்கு அகல் வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குவாலா சிலாங்கூர் பக்கம் போய்வாருங்கள். மின்மினிப் பூச்சிக்குப் பேர்போன கம்போங் குவாந்தான் வட்டாரத்தில் பானையும் அகலும் செய்யும் தமிழர்கள் இருக்கிறார்கள். மண் சக்கரத்தில் ஏறி விளக்காக இறங்குவதைப் பிள்ளை ஒரு தடவை பார்க்க வேண்டும். வாங்கி வந்த அகலை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள். ஊறாத அகல் எண்ணெயைக் குடித்துவிடும்.

இதையெல்லாம் படிப்புக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வை 2021-இல் எடுத்துவிட்டார்கள், மூன்றாம் படிவத்துப் பிடி3 அடுத்த ஆண்டே போனது. சனிக்கிழமை டியூஷனை மட்டும் நாம் விடவில்லை. கைவேலையும் படிப்பில் சேர்த்திதான். பின்லாந்து 1866-இலேயே தொடக்கப் பள்ளியில் கைவினையைப் பாடமாக வைத்தது. இன்றும் அங்கே ஆண் பெண் வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளும் தைக்கவும் மரவேலை செய்யவும் கற்கிறார்கள். காந்தி 1937-இல் வார்தா மாநாட்டில் கைத்தொழிலை நடுவில் வைத்த ஆதாரக் கல்வியை முன்வைத்தார். நான்குக்கு ஒன்று என்று மாவு அளந்த பிள்ளைக்குப் பின்னமும் விகிதமும் பயம் தராது. ஆனால் மதிப்பெண்ணுக்காக இதைச் செய்யாதீர்கள். தான் செய்த ஒன்றை நான்கு பேர் சாப்பிடுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு வரும் நிமிர்வை மதிப்பெண் தராது.

வாங்குவதே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிள்ளானில் எத்தனையோ அக்காமார் இரவெல்லாம் முறுக்கு சுட்டு விற்றுத்தான் பிள்ளைகளுக்குப் புத்தாடை எடுக்கிறார்கள். அவர்களிடம் கட்டாயம் வாங்குங்கள். மூன்று டின் வாங்குங்கள், நான்காவதை வீட்டில் சுடுங்கள்.

இன்னும் ஒன்றைத் தள்ளிப்போட முடியாது. தோட்டங்களில் வளர்ந்த நம் அம்மாக்களுக்கும் பாட்டிகளுக்கும் இந்தக் கைப்பக்குவம் எல்லாம் தெரியும். தீபாவளிக்கு முன்னால் இன்று ஒரு வீடு, நாளை அடுத்த வீடு என்று லயத்துப் பெண்கள் எல்லாரும் கூடிப் பலகாரம் சுட்டவர்கள் அவர்கள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து உடைந்த முறுக்கைப் பொறுக்கித் தின்றுகொண்டே வேலை பழகினார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களாகி, நாம் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தோம். கூடிச் சுடுவது அங்கேயே நின்றுபோயிற்று. எழுதி வைத்த அளவு அவர்களிடம் கிடையாது. “கையில் எடுத்தால் தெரியும்” என்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது பேரப்பிள்ளைக்குப் போய்ச் சேரும். பேரனோடு தமிழில் பேச வழியில்லை என்று ஏங்குகிற பாட்டிகள் எத்தனை பேர்! பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் ஒரு மாவுப் பாத்திரத்தை வையுங்கள். பேச்சு தன்னால் வரும்.

இந்த 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வாரச் சனிக்கிழமை டியூஷனுக்கு லீவு சொல்லிவிடுங்கள். பாட்டியை வீட்டுக்கு அழைத்து வாருங்கள். பிள்ளையின் கையைக் கழுவிவிட்டு மாவுப் பாத்திரத்தின் முன் உட்காரவையுங்கள். கோணலாக வரும் முறுக்கைத் தனியே ஒதுக்காமல் வருகிறவர்களுக்கு முதலில் அதையே எடுத்துக் கொடுங்கள்.