அகணியை அகட்டினால் மட்டும் போதுமா?

ஒளியியல் நாரின் அகணியை அகட்டிவிட்டால் லேசர்த் துடிப்பை எவ்வளவு வலுவுக்கும் விரியலாக்கலாம் என வாதிப்போர் உளர். அகணி அகன்றால் ஒளிச்செறிவு தணியும் என்பதை மறுப்பாரில்லை. ஆயினும் சிலிக்காவின் முறிவுச் சுட்டி செறிவுடன் உயர்வதால், ஒரு மைக்கிரோமீற்றர் அலைநீளத்தில் ஏறத்தாழ 4 மெகாவாற்று உச்சவலுவைக் கடந்த ஒளி தன்னைத்தானே குவித்து நாரைச் சிதைக்கும். இவ்வெல்லை அகணியின் பரப்பைச் சார்ந்ததன்று. அகட்டுவோர் இதற்கு என்ன விடை கூறுவர்?

1985இல் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஸ்ரிக்லாண்டும் மூரூவும் துடிப்பைக் காலத்தில் நீட்டி, விரியலாக்கி, பின்னரே ஒடுக்கினர். அங்கு நார் பயன்பட்டது நீட்டுவதற்கே. விரியலாக்கியதோ நியோடிமியக் கண்ணாடி. இன்றைய இற்றர்பிய நார்களிலும் ஒடுக்கம் பெரும்பாலும் நாருக்கு வெளியே, கீற்றணிகளிலேயே நிகழ்கின்றது. அகணியின் விட்டத்தைப் பறைசாற்றுவோர், துடிப்பை எத்தனை மடங்கு நீட்டினர் என்பதை முதலிற் கூறட்டும்.