சொலித்யூட்: எமது பிள்ளைகள் அறியவேண்டிய பெயர்

பாரிசு மாநகரின் சதுக்கங்களில் அரசர்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் சிலைகள் பல உண்டு. கறுப்பினப் பெண் ஒருவருக்கு இந்நகரில் முதற்சிலை எழுந்ததோ 2022 மே 10ஆம் நாளில்தான். அவர் பெயர் சொலித்யூட். லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெத்ரோவில் ஏறி மொன்சோவில் இறங்கிச் சற்று நடந்தால், ஜெனரல் கத்ரூ சதுக்கத்துப் பூங்காவில் அவரைக் காணலாம்.

1794இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு அடிமைமுறையை ஒழித்தது. எட்டு ஆண்டுகளில் நெப்போலியனின் படை குவாதலூப் தீவில் இறங்கியது. பெற்ற விடுதலை பறிபோகின்றது என்பதை உணர்ந்த மக்கள் லூயி தெல்கிரேசின் தலைமையில் எதிர்த்து நின்றனர். 1802 மே 28இல் மத்தூபாவில் தெல்கிரேசும் தோழர்களும் சரணடைய மறுத்து, வெடிமருந்துக்குத் தீயிட்டு மாண்டனர். அப்போரில் நின்ற சொலித்யூட் கர்ப்பிணியாகச் சிறைப்பட்டார். பிள்ளை பிறந்த மறுநாள், நவம்பர் 29இல், அவருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அடிமைமுறை மீண்டும் ஒழிய 1848 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

"எமக்கே ஆயிரம் துயர், அடுத்தவர் கதை எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். இது அடுத்தவர் கதையன்று. அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகள் தேவைப்பட்டனர். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்டனர். 1854 டிசம்பரில் முதற்கப்பல் குவாதலூப்பை அடைந்தது. அவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டி, ஆன்றி சிதம்பரம் என்பவர் 1904 முதல் 1923 வரை ஓயாது வழக்காடினார்.

மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் அடிமைகளைப் பற்றி ஒரு பகுதியே உண்டு. யாழ்ப்பாணத்தில் மனிதரை மனிதர் விற்றனர், வாங்கினர், சீதனமாகவும் கொடுத்தனர். இலங்கையில் 1844இல் சட்டம் அதனை ஒழித்தது, மனம் ஒழிக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் எம்மவரை எம்மவரே மறித்து நின்றனர்.

இங்கு வந்தபின் மாறிவிட்டோமா? எல்லோரும் அகதி என்ற ஒரே பெயரோடுதான் இந்நாட்டில் கால்வைத்தோம். ஆயினும் திருமணப் பேச்சு எழுந்தவுடன் ஊரையும் குறிச்சியையும் துருவிக் கேட்கின்றோம். வதிவிட அனுமதி இல்லாத இளைஞனைப் பதினான்கு மணிநேரம் வேலை வாங்கி, அவன் எங்கும் முறையிட முடியாதென்ற துணிவில் சம்பளத்தை இழுத்தடிப்போரும் எம்மிடையே உளர். கையில் விலங்கு இல்லை என்பதால் அது வேறொன்றாகிவிடுமா?

ஆண்டுதோறும் மே 10இல் பிரான்சு அடிமைமுறையின் நினைவுநாளைக் கடைப்பிடிக்கின்றது. வார இறுதித் தமிழ்ப் பாடசாலைகள் அதனையொட்டி எம் சிறுவரை அச்சிலையிடம் அழைத்துச் செல்லட்டும். ஒரு கையை வயிற்றில் வைத்து, தெல்கிரேசின் பிரகடனத்தை ஏந்தி நிற்கும் அத்தாயின் வரலாற்றைத் தமிழிலேயே சொல்லிக்கொடுப்போம். 1844ஐயும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். பூங்கொத்து வைப்பது எளிது. எமது கடைகளில் உழைப்பவனுக்கு உரிய கூலியை உரிய நாளில் கொடுப்பதும், எமது வீடுகளில் சாதி கேளாதிருப்பதுமே சொலித்யூட்டுக்கு நாம் செய்யக்கூடிய மெய்யான வணக்கம்.