விபத்தின் சுமை யாருடைய தோளில்?

விபத்தில் காயமடைந்தவரைப் பராமரிப்பது முழுச் சமூகத்தினதும் பொறுப்பு என்ற கொள்கையை அரை நூற்றாண்டுக்கு முன்னரே சட்டமாக்கிய நாடு நியூசிலாந்து. அந்நாட்டில்தான் 2009 நவம்பர் 17 ஆம் திகதி ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் தலைநகர் வெலிங்டனில் உள்ள பாராளுமன்றத்தை நோக்கி அணிவகுத்துச் சென்றனர். தங்கள் மீது சுமத்தப்படவிருந்த கட்டாய விபத்துக் காப்புறுதிக் கட்டண உயர்வுக்கு எதிரான பேரணி அது. நடைப்பயணம் எனப் பொருள்படும் 'ஹீக்கோய்' என்ற சொல், உரிமை கோரி மாவோரி மக்கள் மேற்கொள்ளும் எதிர்ப்பு நடைபவனிகளைக் குறிப்பதாக அங்கு வழங்கி வருகின்றது. அச்சொல்லுடன் 'பைக்' என்பதை இணைத்து, தங்கள் பேரணிக்கு 'பைக்கோய்' என்று அவர்கள் பெயர் சூட்டிக் கொண்டனர்.

பேரணி நடைபெற்று ஒன்றரை தசாப்தத்துக்கும் மேலாகி விட்டது. ஆயினும் அது எழுப்பிய கேள்வி தீர்ந்துவிடவில்லை. மூன்று ஆண்டுகளுக்கான கட்டணங்களை நிர்ணயிக்கு முன்னர் பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் நடைமுறை இன்று நியூசிலாந்தில் உள்ளது. மோட்டார் சைக்கிள்களுக்கு எவ்வளவு அறவிடுவது நியாயமானது என்ற விவாதம் அவ்வேளைகளில் மீண்டும் தலைதூக்கவே செய்கின்றது. அபாயம் கூடியவர் கூடுதலாகச் செலுத்த வேண்டுமா, அல்லது அனைவரும் சுமையைப் பகிர்ந்து கொள்ள வேண்டுமா என்பதே அக்கேள்வியின் சாரம்.

இதனைப் புரிந்து கொள்வதற்கு அந்நாட்டின் ஏற்பாட்டை முதலில் நோக்க வேண்டும். நமது நாட்டில் மூன்றாந் தரப்புக் காப்புறுதி இன்றி வாகன வருமான அனுமதிப்பத்திரம் பெற முடியாது. எனினும் விபத்தில் காயமடைந்தவர் நட்டஈடு பெறுவதற்கு, மற்றவருடைய கவனயீனமே காரணம் என்பதைப் பொதுவாக நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். நியூசிலாந்தின் முறை இதற்கு முற்றிலும் மாறானது. அங்கு தவறு யாருடையது என்ற கேள்வி நட்டஈட்டுக்குத் தடையாக நிற்பதில்லை. வீதியிலோ, தொழிலிடத்திலோ, விளையாட்டு மைதானத்திலோ, வீட்டுச் சமையலறையிலோ விபத்துக்குள்ளானவருக்கு விபத்து நட்டஈட்டுக் கூட்டுத்தாபனம் சிகிச்சைச் செலவைப் பொறுப்பேற்கின்றது. உழைத்து வந்தவராயின், வேலைக்குச் செல்ல இயலாத காலத்தில் அவரது வருமானத்தின் 80 வீதத்தையும் வழங்குகின்றது.

நீதியரசர் ஓவன் வூட்ஹவுஸ் தலைமையிலான ஆணைக்குழு 1967 இல் சமர்ப்பித்த அறிக்கையே இதற்கு அத்திவாரமிட்டது. வழக்காடி நட்டஈடு பெறும் முறை ஒரு சூதாட்டத்துக்கு ஒப்பானதாக இருப்பதை உணர்ந்த அவ்வாணைக்குழு, சமூகப் பொறுப்பு என்பதை முதலாவது கொள்கையாக முன்வைத்தது. 1972 இல் சட்டம் நிறைவேறி, 1974 ஏப்ரல் 1 ஆம் திகதி திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதற்கு மாற்றீடாக, உடற்காயத்துக்கு நட்டஈடு கோரி வழக்குத் தொடரும் உரிமையை மக்கள் கைவிட்டனர். ஆகவே இது வெறும் காப்புறுதித் திட்டமன்று. ஓர் உரிமையை விட்டுக்கொடுத்து இன்னோர் உரிமையைப் பெற்றுக் கொண்ட உடன்பாடு என்பதே பொருத்தமாகும்.

வாகன விபத்துகளுக்கான நிதி இரு வழிகளில் திரட்டப்படுகின்றது. பெற்றோல் விலையில் ஒரு பகுதியும், வருடாந்த வாகன அனுமதிப்பத்திரக் கட்டணத்தில் ஒரு பகுதியும் கூட்டுத்தாபனத்தைச் சென்றடைகின்றன. 2009 ஒக்டோபரில் வெளியான பிரேரணை, 600 சீ.சீ. இற்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளுக்கான கட்டணத்தைச் சுமார் 253 நியூசிலாந்து டொலரிலிருந்து சுமார் 746 டொலராக உயர்த்த முற்பட்டது. சிறிய மொபெட் வண்டிகளுக்கான கட்டணமோ நான்கு மடங்களவுக்கு உயரவிருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களை வீதிக்கு இறக்கியது இதுவே.

அரசாங்கத்தின் வாதத்தில் வலு இல்லை என்று கூறிவிட முடியாது. 2008/09 நிதியாண்டில் மோட்டார் சைக்கிள் விபத்துகளுக்காக 62 மில்லியன் டொலருக்கு மேல் செலவாகியதாகவும், அவ்வாகனங்களின் கட்டணமாகக் கிடைத்தது சுமார் 12 மில்லியன் டொலர் மாத்திரமே எனவும் அதிகாரிகள் சுட்டிக்காட்டினர். எஞ்சிய தொகையை ஏனைய வாகன உரிமையாளர்களே செலுத்துகின்றனர். அவர்களுள் பழைய காரொன்றை வைத்துக் கொண்டு பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் ஏழைப் பெற்றோரும் அடங்குவர். பெற்றோலை மிகக் குறைவாகவே பயன்படுத்தும் மோட்டார் சைக்கிள், எரிபொருள் மூலமான நிதிக்கும் குறைவாகவே பங்களிக்கின்றது. காரின் இரும்புக் கூடு தரும் பாதுகாப்பு இரு சக்கர வண்டியில் செல்பவருக்கு இல்லை என்பதும் எவரும் மறுக்க இயலாத உண்மை.

ஆனால் ஓட்டுநர்களின் மறுமொழி இதனிலும் ஆழமானது. சந்தியில் திரும்பும் கார்ச் சாரதி எதிரே வரும் மோட்டார் சைக்கிளைக் காணாது மோதினால், கால் முறிவது மோட்டார் சைக்கிளில் வந்தவருக்கே. செலவும் அவரது வாகன வகுப்பின் கணக்கிலேயே எழுதப்படுகின்றது. தவறு யாருடையது என்று கேட்கும் உரிமையை நாங்கள் 1974 இல் விட்டுக் கொடுத்தோம். இன்று காயமடைந்தவர்கள் என்ற காரணத்துக்காகவே எங்களிடம் மேலதிகக் கட்டணம் கேட்பது எவ்வாறு நியாயமாகும் என்பது அவர்களது கேள்வி.

அத்துடன் அவர்கள் நிறுத்தவில்லை. அபாயத்துக்கு ஏற்பவே கட்டணம் என்றால் அக்கொள்கை எல்லோருக்கும் பொருந்த வேண்டாமா? றக்பி அந்நாட்டின் தேசிய விளையாட்டு என்றே சொல்லத்தக்கது. மைதானத்தில் தோள்மூட்டு விலகிய வீரருக்கும் இதே கூட்டுத்தாபனமே சிகிச்சை அளிக்கின்றது. ஆயினும் விளையாடுபவர், விளையாடாதவர் என்ற பேதமின்றி உழைப்போர் அனைவரிடமும் ஒரே வீதத்திலேயே அதற்கான கட்டணம் அறவிடப்படுகின்றது. மேலும், மூன்று மோட்டார் சைக்கிள்களை வைத்திருக்கும் ஒருவர் ஒரு வேளையில் ஒன்றை மாத்திரமே ஓட்ட முடியும். அவரோ மூன்றுக்கும் தனித்தனியே செலுத்த வேண்டியுள்ளது. அபாயம் மனிதனுக்கு, கட்டணம் இயந்திரத்துக்கு என்ற இந்த முரண்பாட்டுக்கு அரசாங்கத்திடம் திருப்தியான விளக்கம் இருக்கவில்லை.

இங்கு நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு பின்னணியும் உண்டு. முன்னர் இத்திட்டம் அந்தந்த ஆண்டின் செலவை அந்தந்த ஆண்டிலேயே திரட்டிக் கொண்டது. 1999 இலிருந்து இம்முறை மாற்றப்பட்டது. ஓர் ஆண்டில் நிகழும் விபத்துகளின் வாழ்நாட் செலவு முழுவதையும் அந்த ஆண்டின் கட்டணத்திலேயே சேர்க்க வேண்டும் எனவும், பழைய விபத்துகளின் நிலுவைச் செலவை 2014 இற்குள் திரட்டி முடிக்க வேண்டும் எனவும் விதிக்கப்பட்டது. உலகப் பொருளாதார நெருக்கடி தாக்கிய 2008/09 இல் கூட்டுத்தாபனம் 4.8 பில்லியன் டொலர் பற்றாக்குறையை அறிவித்தபோது, கட்டணத்தை உயர்த்துவதே வழி எனக் கூறப்பட்டது. ஆனால் பின்னர் அரசாங்கமே சட்டத்தைத் திருத்தி அந்தக் காலக்கெடுவை 2019 வரை நீடித்தது. அந்தக் கெடு எட்டுவதற்கு முன்னரே, 2015 இல், வாகனங்களுக்கான சராசரிக் கட்டணம் கணிசமாகக் குறைக்கப்பட்டது. ஆகவே 2009 இன் நெருக்கடியில் வீதி விபத்துகளின் பங்கு எவ்வளவோ, கணக்கீட்டு முறையினதும் காலக்கெடுவினதும் பங்கும் அவ்வளவு இருந்தது எனலாம். விபத்து நட்டஈட்டுக்குப் பொறுப்பான அமைச்சராக அன்றிருந்த நிக் ஸ்மித் முன்வைத்த புள்ளிவிபரங்களுள் இந்த விடயம் போதிய இடம் பெறவில்லை.

போராட்டம் வீண் போகவில்லை. பிரேரிக்கப்பட்ட அளவிலும் குறைந்த உயர்வையே அரசாங்கம் இறுதியில் அங்கீகரித்தது. மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு 30 டொலர் பாதுகாப்புக் கட்டணமும் புதிதாக விதிக்கப்பட்டது. அப்பணத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்று ஆலோசனை கூற ஓட்டுநர்களின் பிரதிநிதித்துவத்துடன் ஒரு சபை அமைக்கப்பட்டது. அந்நிதியின் துணையுடன் ஓட்டுநர் பயிற்சித் திட்டமொன்று நாடு தழுவிய ரீதியில் வளர்ந்தது. பயிற்சியைப் பூர்த்தி செய்வோருக்குப் பணத்தின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் பின்னர் அறிமுகமாகியது. கட்டணம் உயர்வதைக் காட்டிலும் காயம் குறைவதே பெரிய சேமிப்பு என்ற தெளிவு இதில் தெரிகின்றது.

கார் உரிமையாளர்களின் அனுபவமும் இவ்விடயத்தில் படிப்பினை தருவதாகும். 2015 இல் கார்களையும் அவற்றின் பாதுகாப்புத் தரத்துக்கேற்பப் பிரித்துக் கட்டணம் அறவிடும் முறை கொண்டு வரப்பட்டது. பாதுகாப்புக் குறைந்த பழைய காருக்குக் கூடிய கட்டணம். பாதுகாப்பு மிக்க புதிய காருக்குக் குறைந்த கட்டணம். காகிதத்தில் இது நியாயமாகவே தோன்றியது. ஆனால் பழைய காரை ஒருவர் வைத்திருப்பது பெரும்பாலும் புதியதை வாங்க வசதியில்லாத காரணத்தினாலேயே. வசதி குறைந்தோரைத் தண்டிக்கும் முறை என்ற விமர்சனத்தின் மத்தியில் 2019 இல் அது கைவிடப்பட்டது. ஆயினும் மோட்டார் சைக்கிள்களை இயந்திரக் கொள்ளளவின்படி வகுத்து அறவிடும் முறை அவ்வேளையில் நீக்கப்படவில்லை. கார் உரிமையாளருக்குக் கிடைத்த நியாயம் மோட்டார் சைக்கிள் உரிமையாளருக்குக் கிடைக்காமற் போனமை விளங்கிக் கொள்ளக் கடினமானது.

மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் மேலதிகமாக எதனையும் செலுத்தக் கூடாது என்று நாம் வாதிட முன்வரவில்லை. தாமாகத் தெரிவு செய்த அபாயத்தின் ஒரு பங்கை ஏற்றுக் கொள்வது நேர்மையானதே. ஓய்வு நாட்களில் பெரிய வண்டியில் உல்லாசப் பயணம் செல்பவரையும், வேறு வாகனம் வாங்க வழியின்றிச் சிறிய மொபெட்டில் வேலைக்குச் செல்லும் தாதியையும் ஒரே தராசில் நிறுத்த முடியாது என்பதையே வலியுறுத்துகின்றோம். கட்டணத்தின் நோக்கம் ஒருவரது நடத்தையை மாற்றுவதாயின், அது அவரது பயிற்சியையும் வீதி ஒழுங்கையும் நோக்க வேண்டும். அவரது வண்டியின் கொள்ளளவு இவ்விரண்டைப் பற்றியும் நமக்கு அதிகம் கூறுவதில்லை. நோக்கம் வெறுமனே பணம் திரட்டுவதாயின், அச்சுமையைச் சிறு தொகையினரின் தலையில் ஏற்றுவதற்கு முன்னர் முழுச் சமூகமும் பகிர்ந்து கொள்ளும் வழியையே தேட வேண்டும்.

வூட்ஹவுஸ் 2014 இல் காலமானார். அவர் வகுத்த திட்டம் இன்றும் உலகில் ஒப்புவமை அரிதான ஒன்றாகவே நிலைத்திருக்கின்றது. அதனை அழிக்கக் கூடியது பகிரங்க எதிர்ப்பு மாத்திரமன்று. இன்று மோட்டார் சைக்கிள் ஓட்டுநர், நாளை பழைய கார் உரிமையாளர், மறுநாள் விளையாட்டு வீரர் என ஒவ்வொரு பிரிவினரையும் தனித்தனிக் கணக்கில் எழுதிக் கொண்டு போனால், இறுதியில் மிஞ்சுவது சாதாரணக் காப்புறுதிக் கம்பனியின் விலைப்பட்டியலே. வழக்குத் தொடரும் உரிமையை மாத்திரம் மக்கள் திரும்பப் பெறமாட்டார்கள். வெலிங்டன் வீதிகளில் அன்று எழுந்த இயந்திரங்களின் இரைச்சலைக் கட்டணத்துக்கு எதிரான முணுமுணுப்பாக மாத்திரம் கொள்ளாது, ஓர் உடன்பாட்டின் மறுதரப்பு தனது பங்கை நினைவூட்டிய குரலாக ஆட்சியாளர்கள் விளங்கிக் கொள்வதே முறையாகும்.