உப்பும் ஊர் அபிப்பிராயமும்

பிற்பகல் மூன்று மணிக்கு மளிகைக் கடைக்குப் போனால் கூட்டம் இராது என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அப்படி நினைத்துத்தான் சென்ற வாரம் எங்கள் தெருக்கோடிக் கடைக்குப் போனேன். அரைக் கிலோ உளுந்து வாங்கப் போனவன் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வீடு திரும்ப முடிந்தது. அங்கே ஒரு மகாநாடே நடந்துகொண்டிருந்தது. மகாநாட்டின் விஷயம், உப்பு!

ஆரம்பித்து வைத்தவர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். "அண்ணாச்சி, அந்தப் பாக்கெட் உப்பு வேண்டாம். வாசலிலே மூட்டையிலே இருக்கே, அந்தக் கல் உப்பிலே ரெண்டு கிலோ போடுங்க. கடல் தண்ணியிலே இல்லாத அயோடினா? இருக்கிறதை எடுத்துட்டு, மறுபடி சேர்த்து, அதுக்கு ஒரு விலை வைக்கிறான்" என்றார்.

பக்கத்தில் நின்ற அம்மாள் உடனே ஆமோதித்தார். "எங்க மாமியார் காலத்திலே ஜாடி நிறையக் கல் உப்புதான். யாருக்கு என்ன வந்தது? இந்தத் தூள் உப்பு வந்த பிறகுதானே வீட்டுக்கு ஒரு தைராய்டு!"

கையில் கைபேசியோடு நின்ற இளைஞருக்கு இரண்டு உப்பும் பிடிக்கவில்லை. அவர் வாங்கியது இந்துப்பு. இமயமலை உப்பு சுத்தமானது, கடல் உப்பில் அழுக்கு என்று யாரோ ஓர் இயற்கை வைத்தியர் படம் பிடித்துப் போட்டிருந்ததை எல்லோருக்கும் காட்டினார்.

அண்ணாச்சி சும்மா இருப்பாரா? அவர் முப்பது வருஷமாக உப்பு விற்பவர். "சட்டம் போட்டாங்க. எடுத்தாங்க. திரும்பவும் போட்டாங்க. நல்லதுன்னா எதுக்கு எடுக்கணும்? கெட்டதுன்னா எதுக்குப் போடணும்? எல்லாம் கம்பெனிக்காரன் பிழைக்கதுக்கு" என்று முடித்தார்.

அபிப்பிராயம் சொல்லாமல் நின்றவள் ஒருத்திதான். அந்த அம்மாளின் மருமகள். ஐந்து மாதக் கர்ப்பிணி. பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இந்த நால்வரில் ஒருவரைக்கூட அசடு என்று தள்ள எனக்கு மனமில்லை. ஒவ்வொருவர் பேச்சிலும் ஒரு துளி உண்மை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தத் துளி எவ்வளவு பெரியது என்று அளந்து பார்க்க வேண்டாமா?

கடல் போட்ட கணக்கு

முதலில் பெரியவரின் கட்சி. கடலில் அயோடின் உண்டு, சந்தேகமில்லை. எவ்வளவு? ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அதே லிட்டரில் அயோடின் சுமார் 50 மைக்ரோகிராம். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. வளர்ந்த ஓர் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. கர்ப்பிணிக்கு 250 என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. நாம் நாள்தோறும் 10 கிராம் உப்பு சாப்பிடுவதாக வைத்துக்கொள்வோம். கடலின் அயோடின் ஒரு துளியும் வீணாகாமல் உப்பிலேயே தங்கினாலும் நமக்குக் கிடைப்பது 15 மைக்ரோகிராமுக்கும் குறைவு. பத்தில் ஒரு பங்கு! அப்படித் தங்குவதும் இல்லை. உப்பு படிந்த பிறகு பாத்தியில் ஒரு கசப்பு நீர் மிஞ்சுகிறதே, பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது. ஆகவே 'இருப்பதை எடுத்துவிட்டுச் சேர்க்கிறார்கள்' என்பது சரியல்ல. எடுப்பதற்கு அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை.

சட்டப்படி, கடைக்கும் வீட்டுக்கும் வந்து சேரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் குறையாமல் இருக்க வேண்டும். 10 கிராம் உப்பில் அது சரியாக 150 மைக்ரோகிராம். கணக்குப் பார்த்து வைத்த அளவுதான்.

இளைஞருடைய இந்துப்பைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன கடலின் உப்புதான் மலைக்கடியில் பாறையாகக் கிடக்கிறது. அதுவும் கடல் உப்பே. வயதில் மூத்தது, அவ்வளவுதான். இளஞ்சிவப்பு நிறம் இரும்பின் உபயம். நாம் சேர்த்தாலொழிய அதில் சொல்லத்தக்க அயோடின் கிடையாது.

'யாருக்கு என்ன வந்தது?'

அந்த அம்மாளின் கேள்விதான் கனமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லச் சற்று தூரம், இமயமலை அடிவாரம் வரை போக வேண்டும். ஏனென்றால் அயோடின் குறைவு என்பது முதலில் கண்ணுக்குத் தெரிந்த இடம் அதுதான். மழையும் ஆற்று வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விடுகின்றன. அந்த மண்ணில் விளையும் தானியத்திலும் காயிலும் அது குறைந்துபோகிறது. அங்கே கழுத்தில் கழலை இல்லாத பெண்ணைக் காண்பதே அரிது என்ற கிராமங்கள்கூட இருந்தன.

1956-ல் டாக்டர் ராமலிங்கசாமி என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு சோதனை தொடங்கினார்கள். சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் வாழும் பிரதேசத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பும், ஒன்றுக்குச் சாதாரண உப்பும் வழங்கினார்கள். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை பாதியாகவும் அதற்குக் கீழாகவும் இறங்கியது. சாதாரண உப்பு உண்ட பகுதியில் இறங்கவில்லை. அந்த முடிவின் பலத்தில்தான் 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது.

மலைநாட்டு வியாதி நமக்கென்ன என்று வெகுகாலம் இருந்துவிட்டோம். பிறகு சமவெளியிலும் கடலோரத்திலும் கணக்கெடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. நாடு முழுவதும் ஆராய்ந்த 414 மாவட்டங்களில் 337-ல் இந்தக் குறை பரவலாக இருப்பதாகச் சர்க்கார் கணக்கு சொல்லுகிறது.

ஆனால் கழலை அல்ல இதில் பெரிய நஷ்டம். கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடி காட்டிக் கொடுத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் கருவில் இருக்கிறது. அயோடினைக் கொண்டுதான் தைராய்டு சுரப்பி தன் சுரப்பு நீரைச் செய்கிறது. குழந்தையின் மூளை உருவாவதற்கு அந்த நீர் அவசியம். முதல் சில மாதங்களில் குழந்தைக்கென்று சொந்தமாக அந்தச் சுரப்பி வேலை செய்வதில்லை; தாயினுடையதை நம்பியே இருக்கிறது. தாயிடம் குறைந்தால் குழந்தைக்கும் குறையும். கடுமையான பஞ்சம் உள்ள ஊர்களில் பிறவி மந்தமும் செவிட்டு ஊமைத்தன்மையும் வரை போகும். அத்தகைய ஊர்களின் குழந்தைகளை அயோடின் போதிய ஊர்க் குழந்தைகளோடு ஒப்பிட்ட ஆராய்ச்சிகள், அறிவுத்திறன் அளவையில் பத்துப் புள்ளிகளுக்கு மேல் வித்தியாசம் கண்டிருக்கின்றன. லேசான குறைவென்றால் வெளியே ஒன்றும் தெரியாது. பையனுக்குக் கணக்கு வரவில்லை என்பார்கள். வாத்தியாரைக் குறை சொல்லுவார்கள், பையனை அடிப்பார்கள். உப்பு ஜாடியை யார் சந்தேகிக்கப் போகிறார்கள்?

'யாருக்கு என்ன வந்தது' என்று கேட்டால், வந்தவர்களுக்கே தெரியாமல் வந்திருக்கலாம் என்பதுதான் பதில்.

தைராய்டு பெருகிவிட்டது என்பதும் அந்த அம்மாளின் வாதம். இதில் ஒரு துளி உண்மை உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நெடுநாள் அயோடின் இல்லாமல் வாழ்ந்த சமூகத்துக்குத் திடீரென்று அது கிடைக்கும்போது, வயதான சிலருக்குத் தைராய்டு சில காலம் அளவு மீறி வேலை செய்வது டாக்டர்கள் அறிந்த சங்கதி. அதற்கு அஞ்சிக் கருவிலுள்ள குழந்தைகளைப் பட்டினி போட எந்த நாடும் முடிவு செய்யவில்லை. இன்று நம் பெண்களிடம் அதிகமாகக் காணும் தைராய்டு மந்தமோ, பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்தச் சுரப்பியைத் தாக்குவதால் வருவது. அன்றைக்கு ரத்தம் எடுத்துச் சோதித்தவர்கள் எத்தனை பேர்? இன்று தெருவுக்கு ஒரு பரிசோதனைக் கூடம் இருக்கிறது. தேடினால் கிடைக்கிறது.

'உப்பைக் குறை என்று சொல்லும் டாக்டரே அயோடின் உப்பைச் சாப்பிடு என்கிறாரே' என்று கேட்பவர்களும் உண்டு. முரண்பாடு ஒன்றுமில்லை. சாப்பிடுகிற கொஞ்ச உப்பும் அயோடின் உள்ளதாக இருக்கட்டும் என்பதே அதன் பொருள்.

போட்ட சட்டமும் எடுத்த சட்டமும்

அண்ணாச்சியின் கட்சிக்கு வருவோம். அவர் சொன்ன சரித்திரம் அப்படியே உண்மை. அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் உணவுக்கு விற்கக்கூடாது என்ற தடை 1998-ல் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. 2000-ல் மத்திய சர்க்கார் அதை நீக்கியது. ஜனங்களுடைய ஆரோக்கியத்தை அவரவர் அறிந்து தேர்ந்தெடுக்க விட வேண்டும், கட்டாயம் கூடாது என்பது அப்போது சொன்ன காரணம். 2006 மே மாதம் தடை மீண்டும் வந்தது. எட்டு வருஷத்துக்குள் மூன்று முடிவு! 2011-ல் உச்ச நீதிமன்றம், கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் இப்படி ஒரு விதி செய்ய அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆயினும் பொது நலன் கருதி ஆறு மாதம் அது நீடிக்கட்டும், அதற்குள் முறையான ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னது. இன்று உணவுப் பாதுகாப்பு விதிகளின் கீழ் தடை நிற்கிறது.

கட்டாயத்தை எதிர்த்தவர்களும் வெறும் வீம்புக்காரர்கள் அல்லர். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது எதற்காக? உப்பில் சர்க்கார் கை வைக்கக் கூடாது என்பதற்காக அல்லவா? அந்த ஞாபகம் உள்ள தேசத்தில், 'இந்த உப்பைத்தான் வாங்க வேண்டும்' என்று உத்தரவு போட்டால் நெருடத்தான் செய்யும். சிறு உப்பளக்காரர்களின் புகாரும் நியாயமானது. சட்டம் வந்தது, ஆலையில் சுத்திகரித்துப் பளபளக்கும் பையில் அடைத்த உப்பு கொடிகட்டிப் பறந்தது, தூத்துக்குடியிலும் மரக்காணத்திலும் பாத்தி கட்டி வாழ்கிறவர் பின்தங்கினார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலையை ஏற்றியது அயோடின் அல்ல. ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்கு வேண்டிய அயோடினின் விலை சில ரூபாய்தான். ஏற்றியது சுத்திகரிப்பும் பையும் விளம்பரமும். பொட்டாசியம் அயோடேட்டைத் தண்ணீரில் கரைத்துக் கல் உப்பின் மேலும் தெளிக்கலாம். அப்படித் தெளித்து விற்பதும் உண்டு. 1974-ல் ஏற்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம் வாலிநோக்கத்தில் உப்பு விளைவித்து, இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பைச் சத்துணவுக் கூடங்களுக்கு அனுப்பி வருகிறது. தூள் உப்பு வேறு, அயோடின் உப்பு வேறு என்ற இந்தச் சின்ன வித்தியாசத்தைச் சட்டம் போட்டவர்கள் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லியிருந்தால், கல் உப்பை விரும்பும் பாதிப் பேர் சண்டைக்கே வந்திருக்க மாட்டார்கள். இதைச் சர்க்காரின் குற்றமாகவே நான் எழுதுவேன். உத்தரவு போடக் காகிதம் இருந்தது. விளக்கம் சொல்லத்தான் ஆள் இல்லை.

அதன் பலன் என்ன? 2005-06 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய குடும்பங்கள் நாடு முழுவதும் 51 சதவீதம். உப்பு விளையும் தமிழ்நாடு அந்தச் சராசரிக்கும் கீழே நின்றது. உப்பளம் பக்கத்தில் இருப்பதே வினை! மூட்டை நேரே கடைக்கு வந்துவிடுகிறது. 2015-16 கணக்கெடுப்பில் நாட்டில் 93 சதவீதம் வீடுகளின் உப்பில் அயோடின் இருந்தது. போதிய அளவு இருந்ததா என்பது வேறு கேள்வி. அந்தத் தடவை பார்த்தது 'உண்டா, இல்லையா' என்பதைத்தான்.

கழலைகள் மறைய மறைய, அயோடின் எதற்கு என்ற கேள்வி பலக்கிறது. பார்த்துப் பயந்தவர்கள் போய்விட்டார்கள். பார்க்காதவர்களுக்கு மருந்துதான் வியாதி மாதிரி தெரிகிறது.

மூட்டையின் மறுபக்கம்

கடைக்குத் திரும்புவோம். "அண்ணாச்சி, அந்த மூட்டையிலே என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"மாட்டுக்கு, கருவாட்டுக்குன்னு வரது சார் அது. கேக்கவங்களுக்கு வீட்டுக்கும் போடுதேன்" என்றார் அவர், சற்றும் கூசாமல்.

மூட்டையைத் திருப்பினார். மூலையில் பொடி எழுத்து. பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அதற்குள் அந்த மருமகள் குனிந்து படித்துவிட்டாள். "உணவுக்கு உபயோகிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு அத்தை."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே கேட்டாள்: "கல் உப்பிலேயே அயோடின் போட்டது இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கும்மா. யாரும் கேக்கதில்லைன்னு உள்ளே போட்டு வச்சிருக்கேன்" என்று அவர் பின்பக்கம் போனார்.

மாமியார் அந்தப் பையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கல்லாத்தானே இருக்கு? ஒண்ணு போடுங்க" என்றார்.

பெரியவர் மட்டும் தம் இரண்டு கிலோவை மூட்டையிலிருந்தே வாங்கிக்கொண்டு போனார்.