மாத்திரைக்கு முன்னால் ஸ்கேன்

வான் ஹிப்பல்-லிண்டாவ் என்னும் பரம்பரை நோய் சுமார் 36,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. விழித்திரை, மூளை, தண்டுவடம், சிறுநீரகம், கணையம் என ஆயுள் முழுக்கக் கட்டிகள் முளைக்கும். 2021இல் அமெரிக்கா அனுமதித்த பெல்சுட்டிஃபான் மாத்திரை, 61 பேரிடம் நடந்த ஆய்வில் ஏறக்குறைய பாதிப் பேரின் சிறுநீரகப் புற்றைச் சுருக்கியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அது ரத்தசோகை தரும், கருவைப் பாதிக்கும், மரபணுக் கோளாறைத் திருத்தாது. விலையைச் சொல்லவே வேண்டாம். அரசு முதலில் செலவிட வேண்டியது கண்காணிப்புக்கு என்பேன். சிறுநீரகக் கட்டி 3 சென்டிமீட்டரை நெருங்கும்போது கட்டியை மட்டும் வெட்டியெடுத்துச் சிறுநீரகத்தைக் காக்கலாம். விழித்திரைக் கட்டி சிறிதாக இருக்கும்போதே லேசரால் பார்வையைக் காக்கலாம். இரண்டுக்கும் தவறாத பரிசோதனை வேண்டும். வடலூர்க் குடும்பம் ஒன்று அதற்காகச் சென்னைக்கு அலையக் கூடாது. சிதம்பரத்திலுள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே ஸ்கேனும் பதிவேடும் இருந்து, சிக்கலான அறுவை சிகிச்சை மட்டும் புதுச்சேரி ஜிப்மருக்குப் போகட்டும்.

அபூர்வ நோய்க்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்கலாம். நோயுள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு. குடும்பத்தின் மரபணுக் கோளாறு தெரிந்துவிட்டால், ஒரே ரத்தப் பரிசோதனை அந்தக் கோளாறு இல்லாத உறவினர்களை வாழ்நாள் ஸ்கேனிலிருந்து விடுவித்துவிடும். ஏழைக்கு மாத்திரை வேண்டாமா என்பது கனமான கேள்வி. கத்தி வைக்க முடியாத இடத்தில் கட்டி உள்ளவருக்கு அரசே அதை வாங்கித் தர வேண்டும். அவர் யார் என்பதையும் அந்தப் பதிவேடுதான் காட்டும்.