மண்ணிற் கிடைத்த வார்ப்பூட்டும் நம் கடமையும்

தஞ்சை நாடென்றவுடன் நெல்லும், கோயிலும், இசையும் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயினும், அந்நாடு பதினெட்டாம் நூற்றாண்டிற் பல தேசத்துப் படைகளும் வந்துபோன பெருவழியாக இருந்ததென்பதை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். கோடையிற் குளந் தூர்வாரும்பொழுதும், பழைய மதிலடியில் மண் எடுக்கும்பொழுதும், பச்சைக் களிம்பேறிய பித்தளைத் துண்டொன்று மண்வெட்டியில் தட்டுப்படுதல் உண்டு. அது ஒரு சிப்பாயின் இடைவாரை மாட்டிய பூட்டாக, அதாவது பக்கிளாக, இருக்கலாம். தோல்வாரிற் பதித்த தகடாகவும் இருக்கலாம். தோல் மக்கிப்போக, பித்தளை மட்டும் எஞ்சி நிற்கும். இத்தகைய பொருளை இனங்காணுதல் எவ்வாறு, கண்டபின் செய்யத்தக்கது யாது என்பன பற்றி எம் கருத்தை ஈண்டுக் கூற விரும்புகின்றோம்.

முதற்கண், இங்கு வந்தவர் யாவரென நோக்குவோம். டேனியர் 1620இல் தரங்கம்பாடியைப் பெற்று 1845 வரை இருந்தனர். நாகப்பட்டினம் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்கும், 1781இல் அவரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கும் மாறிற்று. பிரெஞ்சுக்காரர் 1739இற் காரைக்காலை அடைந்தனர். ஆங்கிலக் கும்பினியார் 1749இற் கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலுள்ள தேவிகோட்டையைப் பிடித்தனர். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டு, கைப்பற்ற இயலாது மீண்டார். 1771இலும் 1773இலும் ஆர்க்காட்டு நவாபின் பொருட்டுக் கும்பினிப் படை தஞ்சைமேல் வந்தது. இரண்டாம் முறை கோட்டை வீழ்ந்தது. துளஜா மன்னர் தம் அரசை 1776இலேயே மீளப் பெற்றார். 1781இல் ஐதர் அலியின் படை இந்நாட்டைப் பாழாக்கிற்று. இத்துணைப் படைகள் நடந்த மண்ணில், கண்ட பூட்டையெல்லாம் ‘வெள்ளைக்காரச் சிப்பாயுடையது’ என்று கூறி அமைவது அறிவுடைமையாகாது.

இனங்காணுதற்கு முத்திரையே முதற் சான்று. முடியின் கீழ்ச் ‘சி’ என்னும் ரோமன் எழுத்தும் 7 என்னும் எண்ணும் பின்னியிருப்பின், அது 1766 முதல் 1808 வரை ஆண்ட டேனிய மன்னர் ஏழாம் கிறிஸ்டியனின் குறி. ‘வி, ஓ, சி’ என்னும் மூன்றெழுத்தும் ஒன்றிற் கோத்தது டச்சுக் கும்பினியின் குறி. அக்கும்பினி 1799இல் முடிவுற்றது. முன்னங்கால்களில் முடியொன்றை ஏந்திய சிங்கம் ஆங்கிலக் கும்பினிக்கு உரியது. அதன் ஆட்சி 1858இல் நீங்கியது. புலியின் வரிபோன்ற கோலம் திப்புவின் படைக்கலங்களிற் காணப்படுவது. பிரிட்டிஷ் முடியின் வளைவுகள் நடுவிற் சற்றே தாழ்ந்திருப்பின் விக்டோரியா அரசி காலத்தது என்றும், குவிந்து உருண்டிருப்பின் 1901க்குப் பின் வந்த மன்னர் காலத்தது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். அசோகரின் சிங்கத்தூண் பொறித்தது குடியரசு தோன்றிய 1950க்குப் பிற்பட்டது. வடிவமும் காலங் காட்டும். பிரிட்டிஷ் காலாட்படை அதிகாரிகள் தோளிலிருந்து குறுக்கே வந்த வாரின் நடுவே தகடு அணிந்திருந்தனர்; 1855இல் அவ்வழக்கம் ஒழிந்து, இடைவாரும் அதன் பூட்டும் வந்தன.

இவ்வளவும் கற்றபின்னும் ஏமாற இடமுண்டு. கச்சேரிகளிலும் ஜமீன்களிலும் டவாலி அணிந்து நின்ற வில்லைச் சேவகரின் பித்தளை வில்லையைப் படைத்தகடென்று மயங்குதல் எளிது. லில்லி மலர் பொறித்த பூட்டைக் கண்டவுடன் பிரெஞ்சு மன்னர் கொடியை நினைப்பவர், சாரணர் இயக்கத்தின் சின்னமும் அம்மலரே என்பதையும் நினைத்தல் வேண்டும். அது பள்ளிச் சிறுவனொருவன் விளையாட்டுத் திடலில் இழந்ததாயிருக்கலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் படைச் சாமான்கள் கடைவீதியில் விலைக்கு வந்தன. அவ்வாரைக் கட்டி உழுதவன் போர்க்களத்தையே கண்டிரான். ஆகவே, பூட்டு கிடைத்த இடமெல்லாம் போர் நிகழ்ந்த இடமன்று.

இவ்விடத்திலேதான் எம் கருத்தின் உயிர்நிலை உளது. பொருளின் பெயரை அறிதல் பாதி. அது கிடைத்த இடத்தை அறிதல் மற்றப் பாதி. 1782 பிப்ரவரியில், கும்பகோணத்துக்கு அண்மையில், கொள்ளிடக் கரையில், கர்னல் பிரெய்த்வெய்ட் என்பாரின் கும்பினிப் படையைத் திப்பு வளைத்துக்கொண்டார். ஏறத்தாழ 100 ஐரோப்பியரும் 1,500 சிப்பாய்களும் இருந்த அப்படை, சில நாட் போருக்குப்பின் பணிந்தது. தளபதியின் பெயர் நூல்களில் நிற்கின்றது. சிப்பாய்களின் பெயர்களை நாம் எப்புத்தகத்திற் படித்தோம்? அக்கரையில் ஒரு வயலில் ஒரு பூட்டும், அடுத்த வயலில் ஈயக் குண்டுகளும், அப்பால் உடைந்த வாட்பிடியும் கிடைக்குமாயின், அவ்வெளியோர் எங்கே நின்றனர், எத்திசையிற் பின்வாங்கினர் என்று ஒருவாறு உணரலாம். அதே பூட்டைப் பெயர்த்தெடுத்து நகரத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தபின், அதன் அழகு குறையாது. அதன் சாட்சி முற்றும் அழிந்துவிடும்.

இக்காலத்தில் உலோகங் காட்டும் கருவியைக் கையிற்கொண்டு பழம்பொருள் வேட்டையாடுதல் மேனாடுகளிற் பொழுதுபோக்காய்ப் பரவியிருக்கின்றது. நம்மவரிற் சிலர்க்கும் அதில் ஆசை தோன்றியுள்ளது. “நாங்கள் எடாவிடின் அது பழம்பாத்திரக் கடையில் உருகிப்போகுமன்றோ?” என்று அவர் வினவுவர். இதில் உண்மை இல்லாமலில்லை. நிறுத்து விற்கப்பட்ட பித்தளைக்கு வரலாறே இல்லை. எடுத்துக் காத்தவர் அதனினும் மேலானவரே. ஆனால், உருக்குபவன் பொருளை அழிக்கின்றான். இடங் குறியாது தோண்டுபவன் பொருளின் பொருளை அழிக்கின்றான். முன்னவனை அறியாமை காக்கும். கற்ற பின்னவனை எது காக்கும்?

தோண்டும் ஆசை எங்கே கொண்டுசெல்லும் என்பதற்குத் தஞ்சை வரலாற்றிலேயே சான்றுண்டு. 1758இல் லாலியின் படை கீழ்வேளூரை அடைந்து, புதையலை நாடி வீடுகளைச் சோதித்து, குளங்களைத் துழாவி, கோயிற் படிமங்களையும் எடுத்தது. அவை பொன்னல்ல, பித்தளையே என்று கண்டனர். அங்கு நின்ற அந்தணர் அறுவரை ஒற்றரென ஐயுற்றுப் பீரங்கி வாயில் வைத்துக் கொன்றனர். இதனை எழுதியவர் ராபர்ட் ஆர்ம் என்னும் ஆங்கில வரலாற்றாசிரியர். இன்றைய பொழுதுபோக்காளரை அக்கொடியோரோடு ஒப்பிடுதல் எம் கருத்தன்று. மண்ணிலுள்ளதை விலையால் மட்டும் மதிப்பவர்க்கு அறிவும் கிட்டாதென்பதே கருத்து.

செம்முறைக்கும் சான்றுண்டு. நாகப்பட்டினத்தில் 1856 முதல் 1930-ஆம் ஆண்டுகள் வரை ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் மண்ணினின்று வெளிப்பட்டன. அவற்றுட் பல சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்தன. ஊர்ப்பெயரோடு அவை சேர்ந்தமையாலன்றோ, 1954இல் டி. என். இராமச்சந்திரன் அவர்கள் அவற்றை ஆராய்ந்து நூலொன்று வெளியிட முடிந்தது?

சட்டமும் இதனையே வேண்டுகின்றது. 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்து அகப்பட்ட பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்டதாயின், கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். பொருளின் இயல்பையும் மதிப்பையும் மட்டுமன்றி, கண்ட இடத்தையும் நாளையும் அதிற் குறித்தல் வேண்டும். நூறாண்டு கடந்த பழம்பொருள்களை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கின்றது. தனியார் எவரும் அவற்றை நாட்டின் வெளியே அனுப்புதலாகாது.

ஆகலின் மாணவர்க்கு யாம் கூறுவது இது. விடுமுறைக்கு ஊர் செல்லும் நீவிர், பழம்பொருளைத் தேடித் தோண்டற்க; தானே வெளிப்பட்டதைக் கண்டால், புளியிட்டு விளக்கற்க; விளக்கினால் எஞ்சிய எழுத்தும் தேய்ந்துபோம். ஊரும், வயலின் பெயரும், ஆழமும், நாளும், உடன்கிடைத்தவையும் எழுதி, முன்புறமும் பின்புறமும் படமெடுத்து, பின்னர் அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். அக்குறிப்பின் படியொன்றைக் கல்லூரி வரலாற்றுக் கழகம் ஒரு பதிவேட்டில் ஆண்டுதோறும் சேர்த்து வருமாயின், பழைய மாணவரும் தத்தம் ஊர்ச் செய்தியை அதற்கு உதவலாம். பொருள் அரசாங்கத்தின்பாற் சேரட்டும். இடத்தின் நினைவு நம்பால் நிற்கட்டும். இருபதாண்டிற் காவிரிநாட்டின் படைவழிகளைக் காட்டும் படமொன்று அப்பதிவேட்டிலிருந்தே எழக்கூடும். அதற்கு வேண்டுவது பணமன்று; ஒரு நோட்டுப் புத்தகமும், உண்மையை உள்ளவாறே எழுதும் கையுமே.